முள் மீட்டர் காட்டிய பள்ளம்: பழைய கொரோல்லாவில் த்ரொட்டல் சென்சர் பார்த்த கதை

போன புதன்கிழமை அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு கொட்டகலையிலிருந்து நுவரெலியா போய் வந்தேன். கார் ஒரு வளைவில்கூடத் திணறவில்லை. மூன்று மாதமாகத் தேடிய கோளாறு இது. எந்த நாளில் எதை அளந்தேன், எங்கே ஏமாந்தேன் என்பது மறந்து போவதற்குள் எழுதி வைக்கிறேன். இதே 100 மொடல் கொரோல்லா மலையகத்தில் இன்னும் நிறைய ஓடுகிறது. யாருக்காவது ஒரு மாத அலைச்சல் குறைந்தால் நல்லது.

வண்டி 1994 மொடல். 1,498 சீசீ 5ஏ-எஃப்.ஈ எஞ்சின், மெனுவல் கியர். வழியில் வரும் தலவாக்கலை சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா டவுன் 1,868 மீட்டர். நடுவில் லிந்துலை, நானுஓயா என்று இரண்டாம் மூன்றாம் கியரிலேயே ஏற வேண்டிய பாதை. அந்த ஏற்றத்தில் அக்சிலேட்டரைக் கால்வாசி மிதித்துப் பிடித்திருக்கும்போது, யாரோ பின்னாலிருந்து இழுத்துவிட்டதுபோல வண்டி ஒரு நொடி செத்துப் பிழைக்கும். காலை எடுத்தாலும் சரியாகும், இன்னும் அழுத்தினாலும் சரியாகும். அந்தக் கால்வாசியில் மட்டும்தான் இழவு. பனிமூட்டத்துக்குள், பின்னால் ஒரு பஸ் ஒட்டிக்கொண்டு வரும்போது இப்படி நடந்தால் நெஞ்சு திக்கென்று இருக்கும். பக்கத்தில் அம்மா வேறு.

கூடவே இரண்டு அறிகுறிகள். சூடேறிய பிறகும் ஐட்லிங், அதாவது காலை எடுத்து வண்டி நிற்கும்போது எஞ்சின் சுழலும் வேகம், நிமிடத்துக்கு 1,300 சுற்றுக்குக் கீழே இறங்காது. நுவரெலியாவிலிருந்து திரும்பி இறங்கும்போது, காலை எடுத்தாலும் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது. பிரேக்கையே நம்பி வர வேண்டும், தலவாக்கலை வரும்போது பிரேக் வாடை அடிக்கும். இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடக்கும் கோளாறுகள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதலில் கராஜில் கொடுத்தேன். நாலு பிளக் 4,800 ரூபா, பெற்றோல் ஃபில்டர் 2,200, கூலி 3,000. மொத்தம் பத்தாயிரம். பிளக் மாற்றிய அன்று கொஞ்சம் நன்றாக இருப்பதுபோல் இருந்தது. மனசுதான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும், அடுத்த கிளினிக் நாளில் அதே இடத்தில் அதே இழவு. அதற்குப் பிறகு நானே பொனட்டைத் திறந்தேன்.

பொனட்டுக்குள் இருக்கும் டயக்னோசிஸ் பெட்டியில் டி.ஈ.1, ஈ.1 இரண்டையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துச் சாவியை ஒன் பண்ணினால், செக் எஞ்சின் விளக்கு கண் சிமிட்டிக் குறைபாட்டு எண்ணைச் சொல்லும். த்ரொட்டல் சென்சர், அதாவது எஞ்சினுக்குக் காற்று விடும் த்ரொட்டல் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்க்கும் சென்சர், என்றால் 41: நாலு சிமிட்டு, இடைவெளி, ஒரு சிமிட்டு. என் வண்டி நிற்காமல் ஒரே சீராகச் சிமிட்டியது. அதாவது குறை ஒன்றும் இல்லையாம். அதை நம்பி சென்சரை விட்டுவிட்டு, கார்பன் பிடித்திருந்த த்ரொட்டல் பொடியை (அந்தத் தகடு இருக்கும் காற்றுக் குழாயை) கழுவுவதில் ஒரு சனிக்கிழமையைச் செலவழித்தேன். ஸ்பிரே 1,800 ரூபா. கழுவியதில் தப்பில்லை, ஆனால் இழவு போகவில்லை. சென்சர் ஒரேயடியாக அறுந்தால்தான், அல்லது ஷோர்ட் ஆனால்தான் அந்த 41 விழும். கண் மூடித் திறப்பதற்குள் விழுந்து எழும்பும் கோளாறை அது கணக்கில் எடுப்பதில்லை.

கழுவும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். த்ரொட்டல் லீவர் வந்து முட்டி நிற்கும் ஸ்டொப் ஸ்குரூவின் தலையில் புதிதாகப் பளபளப்பு. கம்பனியில் அதற்கு மேல் பெயின்ட் வைத்து அனுப்புவார்கள், தொடக்கூடாது என்பதற்காகத்தான். குளிர் காலையில் ஐட்லிங் நிற்கவில்லை என்று யாரோ எப்போதோ அதைத் திருகி ஏற்றியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் இருந்தவரா, இடையில் பார்த்த மெக்கானிக் பாஸா, தெரியாது. அப்படியானால் லீவரோடு சேர்ந்து சுழலும் சென்சரும் தன் இடத்தில் இருக்காது. வோல்ட் பார்க்காமல் முடியாது என்று அங்கேதான் தீர்மானித்தேன்.

சென்சரில் நாலு கம்பி. ஒரு ஓரத்தில் வி.சி: எஞ்சினின் கம்பியூட்டரான ஈ.சி.யு பெட்டியிலிருந்து வரும் 5 வோல்ட். மறு ஓரத்தில் ஈ2: சென்சருக்கான எர்த். நடுவில் வி.டி.ஏ, அதுதான் த்ரொட்டல் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் கம்பி. மிச்சம் ஐ.டி.எல், கால் எடுத்தாயிற்று என்று சொல்லும் சுவிட்ச். ரேடியோவில் வோலியூம் திருகும் உருளை எப்படியோ அப்படித்தான் உள்ளே இருக்கிறது.

சொக்கெட்டைக் கழற்றாமல் அளக்க வேண்டும். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து உருண்டைத் தலை குண்டூசி இரண்டு எடுத்து, சொக்கெட்டின் பின்பக்கம் கம்பி நுழையும் ரப்பர் ஓரமாக மெதுவாகச் செருகினேன். கம்பியின் தோலைக் குத்திப் பார்ப்பவர்கள் உண்டு. என் வண்டியிலேயே ஒருவர் குத்தியிருக்கிறார்: வி.டி.ஏ கம்பியில் ஒரு துளை, அதற்குள் செம்பு பச்சை பூத்திருந்தது. எங்கள் பக்கத்தில் வருஷத்தில் பாதி நாள் மழையும் பனியும், குத்திய ஓட்டைக்குள் ஈரம் போகாமல் இருக்குமா? அந்த இரண்டு அங்குலத்தை வெட்டி எறிந்து, புதுக் கம்பி பற்றவைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடினேன். இதுதான் கோளாறு என்று அன்றைக்குச் சந்தோஷமாகத் தூங்கினேன். காலையில் கொட்டகலை டவுனைத் தாண்டுவதற்குள் இழவு திரும்பிவிட்டது.

சரி, அளப்போம் என்று சாவி ஒன், எஞ்சின் ஓஃப். மீட்டரின் கறுப்புக் கம்பி ஈ2இல், சிவப்பு வி.சியில். 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும், நாலரையிலிருந்து ஐந்தரைக்குள் இருந்தால் போதும். மீட்டர் 5.9 காட்டியது. விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். "கம்பியூட்டர் பெட்டி போயிருச்சு தம்பி, வேற போடணும்" என்றார். கொழும்பில் பாவித்த வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போன் பண்ணி விலைகூடக் கேட்டுவிட்டேன். நல்ல காலமாக அன்றிரவு சுவர்க் கடிகாரத்துக்குப் புது பெற்றரி போடும்போது, சும்மா அதில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். புது ஒன்றரை வோல்ட் பெற்றரி ஏறத்தாழ 1.6 காட்ட வேண்டும். 1.9 என்றது. மீட்டருக்குள் இருந்த 9 வோல்ட் பெற்றரி செத்துக்கொண்டிருந்தது. மலிவு மீட்டர்கள் பெற்றரி இறங்கும்போது கூட்டித்தான் காட்டும். 350 ரூபாவுக்குப் புது பெற்றரி போட்டு மறுபடி அளந்தால் வி.சி 5.02. ஈ.சி.யு பெட்டிக்கு ஒன்றுமில்லை. இப்போது வண்டியில் கை வைக்க முன்பு புது பெற்றரி ஒன்றில் மீட்டரைச் சோதித்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

அடுத்தது சிவப்பை வி.டி.ஏக்கு மாற்றினேன். த்ரொட்டல் மூடியபடி 0.92 வோல்ட். இந்த எஞ்சினுக்கு மூடியிருக்கும்போது 0.3க்கும் 0.8க்கும் நடுவில், முழுதாகத் திறந்தால் 3.2க்கும் 4.9க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஆக, மூடியிருக்கும் அளவு கூடுதல். ஐ.டி.எல்லைப் பார்த்தேன்: மூடினாலும் திறந்தாலும் 12 வோல்ட். மூடும்போது அது சைபருக்கு அருகே விழ வேண்டும். அந்த சுவிட்ச் மூடவே இல்லை. ஈ.சி.யுவைப் பொறுத்தவரை நான் காலை எடுத்ததே கிடையாது. இறக்கத்தில் காலை எடுத்தால் பெற்றோலை நிறுத்தச் சொல்வது அந்த சுவிட்ச்தான். அது பேசாததால் பெற்றோல் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது, எஞ்சின் வண்டியைப் பிடிக்கவில்லை. எத்தனை வருஷமாக நானுஓயா இறக்கத்தில் பெற்றோலையும் பிரேக்கையும் சேர்த்து எரித்திருக்கிறேன் என்று நினைத்தபோது வயிறு எரிந்தது.

இன்னொன்றும் அன்றே கிடைத்தது. பொனட்டுக்குள் கையால் லீவரை முழுதாகத் திறந்தால் 4.1. தங்கச்சி மகனை உள்ளே உட்காரவைத்து, "முழுசா மிதிடா" என்றேன். 3.1தான் வந்தது. மறுபடி மிதிக்கச் சொன்னேன், அதே 3.1. காலடியில் தடிப்பான ரப்பர் விரிப்பு. அதை எடுத்ததும் 3.5. அக்சிலேட்டர் கேபிளில் விரலளவு தொய்வு. 12 சாவியால் இரண்டு நட்டையும் சரிசெய்து, தொய்வு கொஞ்சமே இருக்கும்படி வைத்தேன். 4.0. இவ்வளவு காலமும் நான் முழு மிதி என்று நினைத்து ஏறியது முக்கால் மிதிதான். உயரம் போகப் போகக் காற்று மெலியும், எஞ்சினின் பலமும் குறையும். அங்கே கிடைக்கிற கொஞ்சத்தையும் ஒரு ரப்பர் விரிப்பு தின்றிருக்கிறது. தயவுசெய்து இந்தச் சோதனையை மட்டுமாவது எல்லாரும் செய்து பாருங்கள், ஒரு சதம் செலவில்லை.

ஆனால் அந்தக் கால்வாசி இழவு? லீவரை மெதுவாகத் திறந்துகொண்டே மீட்டரைப் பார்த்தேன். 0.9, 1.2, 1.6, 2.3 என்று ஒழுங்காக ஏறுகிறது. இறங்கும்போதும் ஒழுங்கு. பத்துத் தடவை செய்தேன். ஒன்றுமே இல்லை. சென்சர் நல்லது, இடம் மட்டும் மாறியிருக்கிறது என்று முடிவுகட்டி, அடுத்த நாள் டவுனில் ரேடியோ திருத்தும் அண்ணனிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுக் கேட்டார்.

"டிஜிட்டல் மீட்டர்லயா பாத்தீங்க?"

"ஆமாண்ணே."

"அது நொடிக்கு ரெண்டு மூணு தடவதான் எட்டிப் பாக்கும் தம்பி. நடுவுல ஒரு தடவ விழுந்து எழும்புனா அதுக்கு எப்படித் தெரியும்? வோலியூம் கரகரங்கறத நாங்க முள்ளு மீட்டர்லதான் புடிப்போம்."

தன் பழைய முள் மீட்டரைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். கண்ணாடியில் ஒரு கீறல், சிவப்புக் கம்பி இரண்டு இடத்தில் ஒட்டுப்போட்டது. ஆனால் முள் அசைவு எண்ணெய் போல இருந்தது.

10 வோல்ட் அளவில் வைத்து, அதே குண்டூசிகளில் மாட்டினேன். லீவரை மெதுவாகத் திறந்தேன். 1.0, 1.2... 1.3க்கு மேல் போனதும் முள் சடக்கென்று சைபரை நோக்கிச் சரிந்து, மறுபடி எழும்பி 1.5இல் நின்றது. எனக்குக் கை நடுங்கியது. திரும்ப மூடித் திறந்தேன். அதே இடம், அதே சரிவு. மூன்று மாதமாக வளைவுகளில் காலுக்குக் கீழே உணர்ந்த அந்தப் பள்ளத்தை முதல் தடவையாகக் கண்ணால் பார்க்கிறேன்.

கையால் பிடிப்பதில் நிதானம் போதாது என்று, ஐஸ்கிரீம் குச்சிகளைத் துண்டு துண்டாக வெட்டி, லீவருக்கும் ஸ்டொப் ஸ்குரூவுக்கும் நடுவில் ஒவ்வொன்றாகச் செருகி நிறுத்தி அளந்தேன். ஒரு குச்சியில் 1.15, நிலையாக. இரண்டு குச்சியில் முள் 1.4ஐச் சுற்றி நடுங்கியது. லீவரைச் சுண்டுவிரலால் லேசாகத் தட்டினால் விழுந்தது. மூன்று குச்சியில் 1.65, கல் போல. நாலு, ஐந்து, எல்லாம் நிலை. ஆக, பழுது அந்த இரண்டாவது குச்சியைச் சுற்றி மட்டும்தான். சாவியைத் தொடர்ந்து ஒன்னில் வைக்காமல், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓஃப் பண்ணி விட்டுத்தான் இதைச் செய்தேன். பழைய பெற்றரி, பிறகு தள்ள ஆள் தேட வேண்டி வரும்.

சென்சரைப் புதிதாக வாங்க வசதியில்லை. பஞ்சிகாவத்தையிலிருந்து ஜப்பான் பாவித்த சாமான் ஒன்று 7,500 ரூபா, பார்சல் செலவு 500. கடைக்காரரிடம் பின்பக்கத்து இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, என்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் காசு போட்டேன். வந்ததும் வண்டியில் பூட்டாமல் மேசையிலேயே முள் மீட்டரின் ஓம் அளவில் வைத்து, நாக்கை ஒரு திருப்புளியால் சுழற்றிப் பார்த்தேன். முள் தடங்கல் இல்லாமல் ஏறி இறங்கியது. பாவித்த சாமானில் இதைப் பார்க்காமல் பூட்டுவது வீண் வேலை.

கழற்றுவதில்தான் அரை நாள் போனது. இரண்டே ஸ்குரூ, ஆனால் முப்பது வருஷம் அலுமினியத்தில் ஊறிப்போனவை. ஒன்று வந்தது, மற்றதன் தலை வழுக்கிவிட்டது. துருநீக்கி எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் வைஸ் கிரிப்பால் தலையின் வெளிவட்டத்தைக் கவ்வித் திருப்பினேன். க்ரீச் என்ற சத்தத்தோடு அசைந்தது. அதே திரெட்டில் புது ஸ்குரூ இரண்டு 120 ரூபா.

புதியதைப் பூட்டியதும் த்ரொட்டலைத் திறந்தேன், வி.டி.ஏ 0.4இலிருந்து அசையவே இல்லை. ஒரு நிமிடம் மனம் உடைந்து போனது. சென்சரின் நாக்கு, த்ரொட்டல் தண்டின் காடியில் உட்காராமல் பக்கத்தில் நின்றிருக்கிறது. கழற்றி, சற்றுத் திருப்பி வைத்து, பிறகு தன் இடத்துக்குச் சுழற்றியபோது லேசான ஸ்பிரிங் எதிர்ப்பு கையில் தெரிந்தது. அந்த எதிர்ப்பு தெரிந்தால்தான் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

சென்சரை நிலைநிறுத்தும் முன் அந்த ஸ்டொப் ஸ்குரூவைச் சீராக்கினேன். முதலில் அதை முழுதாகப் பின்வாங்கி, த்ரொட்டல் தகடு தானாக மூட விட்டு, பிறகு ஸ்குரூ லீவரைத் தொட்டு, தகடு சுவரில் இறுகிச் சிக்காத அளவுக்கு ஒரு துளி மட்டும் உள்ளே. அப்புறம் ஃபீலர் கேஜ், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள். லீவருக்கும் ஸ்குரூவுக்கும் நடுவில் 0.35 மில்லிமீட்டர் தகட்டை வைத்தால் ஐ.டி.எல் மூடியிருக்க வேண்டும், 0.70 வைத்தால் திறந்துவிட வேண்டும். இந்த எஞ்சினுக்கு நான் வைத்துக்கொண்ட அளவு இது. வேறு எஞ்சினென்றால் அதன் கையேட்டில் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். சென்சரை மயிரிழை மயிரிழையாகச் சுழற்றி, ஸ்குரூவை இறுக்கினால் அது கொஞ்சம் நகர்ந்துவிடும், மறுபடி தளர்த்தி, மறுபடி. ஏழெட்டுத் தடவை ஆனது. கடைசியில் மூடியபடி 0.52, திறந்தால் 4.0, ஐ.டி.எல் சொன்னபடி கேட்டது.

15 ஆம்பியர் ஈ.எஃப்.ஐ ஃபியூசைக் கழற்றி ஒரு நிமிடம் கழித்து மாட்டினேன், ஈ.சி.யுவின் பழைய நினைவு அழியட்டும் என்று. எஞ்சின் சூடேறியதும் ஐட்லிங் தானே 700க்கு இறங்கியது. த்ரொட்டல் பொடியில் உள்ள காற்று ஸ்குரூவால் 800க்கு வைத்தேன். ஐட்லிங்குக்கு என்று இருக்கும் ஸ்குரூ அதுதான், அந்த ஸ்டொப் ஸ்குரூ இல்லை.

அடுத்த முறை செய்வதானால் பிளக்குக்கும் ஃபில்டருக்கும் போன பத்தாயிரத்தைக் கடைசிக்குத் தள்ளிவைப்பேன். முதல் நாளே முள் மீட்டரோடு தொடங்குவேன். உண்மையில் வேலையை முடிக்கத் தேவைப்பட்டது, மீட்டர் பெற்றரியும் ஸ்பிரேயும் சேர்த்து, 10,270 ரூபாதான். சென்சர் ஸ்குரூக்களுக்குக் கழற்றுவதற்கு முந்திய நாளே எண்ணெய் விட்டிருப்பேன். பூட்டும்போது திரெட்டில் கொஞ்சம் கிரீஸ் வைத்தேன், இனி யார் கழற்றினாலும் சிரமப்படக்கூடாது.

பழைய சென்சரை எறிய மனம் வரவில்லை. ஹக்சோ பிளேடால் ஓரத்தை அறுத்துத் திறந்தேன். உள்ளே கறுப்புக் கார்பன் பாதை, அதன் மேல் உரசிப் போகும் மெல்லிய பித்தளை விரல்கள். பாதையின் தொடக்கத்திலிருந்து கால்வாசி தூரத்தில், அரிசி மணி அகலத்துக்குக் கார்பன் தேய்ந்து அடித்தளம் வெள்ளையாகத் தெரிந்தது. மிச்சப் பாதையெல்லாம் புதுசு போல இருந்தது. முப்பது வருஷமும் இந்த ஏற்றங்களில் இரண்டாம் கியரில் கால் நின்ற இடம் அதுவாகத்தான் இருக்கும்.

மீட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த வெட்டிய சென்சரையும் கொண்டு போனேன். அண்ணன் பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தார். "வோலியூம் மாதிரியேதான் தேஞ்சிருக்கு" என்று சொல்லி, கடைச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டி வைத்துக்கொண்டார். புதன்கிழமை நானுஓயா இறக்கத்தில் மூன்றாம் கியரில் காலை எடுத்தேன். எஞ்சின் வண்டியைப் பிடித்து இறக்கியது. தலவாக்கலை பாலம் வரை பிரேக் வாடை வரவில்லை. அம்மா தூங்கிக்கொண்டு வந்தார்.